அறுபத்தோராவது பிள்ளை

ஒரு தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் இருந்தால் இரண்டு ஆசிரியர்கள், 61 ஆகிவிட்டால் மூன்று, 91 ஆனால் நான்கு. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் இருக்கிற அட்டவணையில் இப்படித்தான் போட்டிருக்கிறார்கள். அதே அட்டவணையில் கொஞ்சம் கீழே வந்தால் கட்டடத்துக்கான கணக்கும் இருக்கிறது: ஆசிரியருக்கு ஒரு வகுப்பறையாவது வேண்டும், தலைமையாசிரியருக்கும் சாமான் வைக்கவும் சேர்த்து ஓர் அறை, ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிதண்ணீர், விளையாட இடம், சுற்றுச்சுவர். இரண்டு கணக்கையும் சேர்த்து வாசித்தால்தான் விஷயம் பிடிபடும். அறுபத்தோராவது பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் தனியாக வருவதில்லை, ஒரு டீச்சரையும் ஓர் அறையையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறது. அந்தப் பிள்ளை வேன் ஏறி வேறு பள்ளிக்கூடம் போனால் அவை இரண்டும் கூடவே போய்விடும்.

எங்கள் ஊரில் போயிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், கோபமும் இருக்கும். ஊர்ப்பேரும் பள்ளிக்கூடத்தின் பேரும் போடவில்லை, போட்டால் எங்கள் பெரிய டீச்சர்தான் நாளைக்கு விளக்கம் எழுதிக்கொடுக்க வேண்டிவரும், அவருக்கு இருக்கிற வேலையில் அது வேறயா. ஏர்வாடிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து தெற்கே இறங்கினால் வருகிற ஏதோ ஒரு மீனவர் குடியிருப்பு, அதில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மகன் அங்கே நான்காம் வகுப்பு. மகள் அங்கே முடித்துவிட்டு ரோட்டுக்கு வடக்கே நடுநிலைப்பள்ளிக்குப் போகிறாள். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர், அதாவது கூட்டத்தில் கையெழுத்துப் போடுகிற ஆள்.

எங்கள் பள்ளியில் இரண்டு கட்டடங்கள் இருந்தன. ஒன்று ஓட்டுக் கட்டடம், என் அம்மா படித்தது. இன்னொன்று அதற்குப் பின்னால் வந்த கான்கிரீட். இதில் எது முதலில் போகும் என்று கடற்கரையில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார்கள், கான்கிரீட்தான். உப்புக்காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் காரைக்குள் இறங்கி உள்ளே இருக்கிற கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு ஏற ஏறக் கம்பி ஊதிப் பருத்து மேலே இருக்கிற காரையை வெளியே தள்ளும், அப்புறம் ஒருநாள் மத்தியானம் சன்ஷேடிலிருந்து ஒரு பாளம் பொத்தென்று விழும். கட்டுகிறபோது கலவையில் கடல் மணலோ உப்புத் தண்ணீரோ சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் ஊரில் சேர்ந்ததா என்று கட்டின கான்ட்ராக்டருக்குத்தான் தெரியும். உள்ளூரில் எல்லோரும் ஒரு மாதிரிச் சிரிப்பார்கள்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாடு முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களைப் பார்த்து, ஆகாதவற்றை இடிக்கச் சொன்னார்கள். 2004-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போன பிறகு கீற்றுக் கூரைகள் போயின, நெல்லைக்குப் பிறகு விரிசல் விட்ட சுவர்கள் போயின, நம் ஊரில் கட்டட விதிகளுக்கு உயிர் வருவது எப்போதும் இப்படித்தான். சரி, எங்கள் கட்டடங்களையும் இடித்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சன்ஷேடுக்குக் கீழேதான் என் மகள் சாப்பாட்டுத் தட்டு கழுவுவாள். இடிக்கிற அன்றைக்கு நான் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

ஆனால் இடித்த இடத்தில் அடுத்த கட்டடம் எழும்பும் வரைக்கும் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள் என்பதற்கு யாரிடமும் ஒரு தாள்கூட இல்லை.

இதில் ஒரு சிக்கல் வெளியாட்களுக்குத் தெரியாது. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் டீச்சர் கல்வித்துறை ஆள், கட்டடம் ஊரக வளர்ச்சித் துறை. டீச்சரைப் பற்றிக் கேட்க வட்டாரக் கல்வி அலுவலகம் போக வேண்டும், சுவரைப் பற்றிக் கேட்க ஒன்றிய அலுவலகம் போக வேண்டும், ஒன்றில் கேட்டால் மற்றதைக் கை காட்டுவார்கள். 2022-ல் பேராசிரியர் அன்பழகன் பேரில் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவித்தார்கள், ஐந்து வருடத்தில் 18,000 புது வகுப்பறைகள் என்றார்கள். நல்ல திட்டம்தான், பக்கத்து ஊர்களில் கட்டியும் கொடுத்திருக்கிறார்கள், டைல்ஸ் எல்லாம் போட்டு நன்றாகவே இருக்கிறது. எங்களுக்கு வரிசை வர நாளானது. அதுவரைக்கும் சமுதாயக் கூடம்.

சமுதாயக் கூடம் என்றால் கல்யாணமும் காரியமும் நடக்கிற இடம், மழைக்காலத்தில் வலை உலர்த்துகிற இடம், புயல் எச்சரிக்கை வந்தால் கரையோர வீட்டுக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து தங்குகிற இடம். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அந்த மாதிரி நாளில் பள்ளிக்கூடமும் கூடமும்தான் ஜனங்களுக்குப் புகலிடம். அந்த ஒரே ஹாலில் ஐந்து வகுப்பு. எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மட்டம் பார்த்து உட்காரவைப்பதால் வகுப்பு கலந்திருப்பது அவ்வளவு பெரிய குற்றமில்லை என்று டீச்சர் சமாதானம் சொன்னார். இருக்கலாம். ஆனால் ஒரு மூலையில் ஒன்றாம் வகுப்பு பாட்டுப் பாடும்போது இன்னொரு மூலையில் ஐந்தாம் வகுப்பு பின்னக் கணக்குப் போட வேண்டும் என்றால், பின்னம்தான் தோற்கும். யாராவது செத்துவிட்டால் லீவு. கல்யாணம் என்றால் முதல்நாளே லீவு, பந்தல்காரர் வந்துவிடுவார்.

அப்போதுதான் தனியார் பள்ளி வேன் ஊருக்குள்ளேயே வர ஆரம்பித்தது. முன்னாலும் வந்துகொண்டிருந்தது, ரோட்டுமேல் நின்று ஹாரன் அடிக்கும், நாலு பிள்ளைகள் ஓடிப்போய் ஏறும். இப்போது கூடத்தின் வாசலுக்கே வந்து திரும்புகிறது. துபாயில், குவைத்தில் ஆள் இருக்கிற வீடுகள் முதலில் மாற்றின. அப்புறம் விசைப்படகு வைத்திருப்பவர்கள். கடைசியில் கடன் வாங்கியாவது என்று நாட்டுப்படகுக்காரர்கள் சிலர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வந்தது என்று சொன்னால் பொய். என் நாத்தனாரிடம் மட்டும் கேட்டேன், "ஏன் மதினி, இன்னும் ஒரு வருசம் பொறுக்கக் கூடாதா?" என்று. "ஒரு வருசம் போனா பிள்ளைக்குத் திரும்பி வருமா?" என்றாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல.

இங்கேதான் ஆகஸ்ட் 1 வருகிறது. ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1-ம் தேதி பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று பார்த்து, அதை வைத்துத்தான் எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று முடிவு செய்கிறார்கள். கூடுதலாக இருந்தால் அந்த டீச்சர் உபரி, பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். எங்கள் எண்ணிக்கை அறுபதுக்குக் கீழே இறங்கியது, மூன்றாவது டீச்சர் போனார். ஈராசிரியர் பள்ளி ஆனோம். அப்புறம் புதுக் கட்டடத்துக்கு எஸ்டிமேட் போட வந்தவர்கள் எத்தனை ஆசிரியர் என்று கேட்டார்கள். இரண்டு. அப்போ இரண்டு அறை.

இதை இன்னொரு தடவை மெதுவாகச் சொல்கிறேன். கட்டடம் போனதால் பிள்ளைகள் போனார்கள். பிள்ளைகள் போனதால் டீச்சர் போனார். டீச்சர் போனதால் கட்டடம் சின்னதாகிவிட்டது. நாளைக்கு வேனில் போகிறவர்கள் எல்லோரும் மனம் மாறித் திரும்பி வந்தாலும் உட்கார இடம் இருக்காது, ஏனென்றால் பள்ளிக்கூடத்தின் கொள்ளளவை அது மோசமாக இருந்த வருடத்தில் அளந்து கான்கிரீட்டில் ஊற்றப்போகிறார்கள். யாரும் சதி செய்யவில்லை. ஒவ்வோர் அலுவலகமும் தன் விதிப்படி சரியாகத்தான் செய்தது. அதுதான் எனக்கு ஆத்திரம், திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

ஆகஸ்ட் 1 என்கிற தேதியே கடற்கரைக்குப் பொருந்தாத தேதி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, ஜூன் 15-ல் விசைப்படகு இறங்கும். பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் கையில் காசு இருக்காது, கடன்தான் இருக்கும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நாட்டுப்படகு, வள்ளம் வைத்திருப்பவர்களுக்குக் காற்றுதான் காலண்டர். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கலங்கிக் கிடக்கும், அப்போது சில குடும்பங்கள் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம் போய் வாடி என்கிற கொட்டகை போட்டுத் தங்கிவிடும், பிள்ளை குட்டியோடு. வாடை திரும்பினால் வீடு வந்து சேரும். ஆகஸ்ட் முதல் வாரம் என்பது சரியாக அவர்கள் ஊரில் இல்லாத வாரம். பிள்ளை நீண்டநாள் வரவில்லை என்றால் எமிஸ் என்கிற அரசின் இணையப் பதிவில் பேரை என்ன செய்வது என்று டீச்சருக்கும் குழப்பம். ஐப்பசியில் பிள்ளை வந்து நிற்கும், பலகையில் உட்காரும், சத்துணவு சாப்பிடும், எண்ணிக்கையில் மட்டும் இருக்காது. மீனவர் ஊர்களுக்கு மட்டும் வேறொரு தேதியிலும் எண்ணிப் பாருங்கள், இரண்டில் எது கூடுதலோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மனு கொடுத்தோம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது.

இந்த நேரத்தில்தான் பெரியம்மா மகள், அமெரிக்காவில் இருக்கிற அக்கா, போனில் ஒரே புலம்பல். வாஷிங்டன் நகரத்துக்குப் பக்கத்தில் வர்ஜீனியாவில் ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டி என்று ஒரு புறநகர், நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். அங்கே எந்தத் தெருவில் வீடோ அதைப் பொறுத்துத்தான் எந்த அரசுப் பள்ளி என்பது, ஒரு கோடு போட்டு வைத்திருப்பார்கள். கோட்டுக்கு இந்தப்பக்கம் இருந்தால் இந்தப் பள்ளி, அந்தப்பக்கம் என்றால் அந்தப் பள்ளி. 2024-ல் அவர்கள் பள்ளி வாரியம் கொள்கையை மாற்றி, இனி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எல்லாக் கோடுகளையும் மறுபடி பார்ப்போம் என்று முடிவு செய்தது. பல பத்து வருடங்களாக மொத்தமாகத் தொடாமல் விட்டது. ஒரு பள்ளியில் இடம் போதாமல் மைதானத்தில் டிரெய்லர் வகுப்பறை போட்டிருக்கிறார்கள், பக்கத்துப் பள்ளியில் அறை காலியாகக் கிடக்கிறது, அதைச் சமன் செய்ய வேண்டும் என்பது காரணம். இன்னொன்று, ஒரே நடுநிலைப்பள்ளியில் கூடப் படித்த பிள்ளைகள் பாதிப் பாதியாகப் பிரிந்து இரண்டு உயர்நிலைப்பள்ளிக்குப் போகிற நிலைமை, அதையும் சரிசெய்ய வேண்டுமாம்.

அக்கா படங்களாக அனுப்பினார். வீட்டு முகவரியைப் போட்டால் இப்போது எந்தப் பள்ளி, யோசனைப்படி எந்தப் பள்ளி என்று காட்டுகிற வரைபடம், ஒவ்வொரு கட்டடத்திலும் எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்கிற கணக்கு, கூட்டங்களுக்கான தேதிகள். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. "உன் பிள்ளைக்கு ஏசி பஸ் வீட்டு வாசலுக்கு வருது, ரெண்டு பள்ளிக்கூடத்திலயும் நீச்சல் குளம் தவிர எல்லாம் இருக்கு, இதுக்கா அக்கா இந்த அழுகை?" என்றேன். பஸ்ஸில் ஏசி இருக்கிறதா என்பது கிடக்கட்டும், அக்கா கோபித்துக்கொண்டார். பிள்ளை சினேகிதர்களை விட்டுப் பிரிய வேண்டும் என்றார், அது எனக்குப் புரிந்தது. அப்புறம் மெல்ல இன்னொன்றும் வந்தது, நல்ல பேர் எடுத்த பள்ளியின் கோட்டுக்குள் இருப்பதால்தான் அந்த வீட்டை அந்த விலைக்கு வாங்கினார்கள், கோடு நகர்ந்தால் வீட்டு விலையும் நகரும். கூட்டத்தில் எழுந்து பேசுகிறவர்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசினாலும் பாதிப்பேர் மனதில் வீட்டு விலைதான் என்று அவரே சொன்னார். இது அங்கே உள்ள நோய், நமக்கு வேண்டாம்.

எனக்கு வேண்டியிருந்தது அந்த வரைபடமும் அந்தக் கூட்டத் தேதியும்தான். அவர்களுடைய வாரியம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் காட்டலாம். முடிவு எடுப்பதற்கு முன்னால் யோசனையை வெளியே வைத்துத் திட்டு வாங்கிக்கொள்கிறார்கள். இங்கே எங்களுக்கு மூன்றாவது டீச்சர் போகிற செய்தி அவர் விடைபெற்றுக்கொண்டு அழுதபோதுதான் தெரியும். ஊராட்சித் தலைவரிடம் போய்க் கத்தலாம் என்றால், 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பார்க்கிறார், அவர் இன்னும் எத்தனை ஊராட்சியைப் பார்க்கிறாரோ.

கோடு இல்லாத ஊர் என்று நம்மைச் சொல்ல முடியாது. நம்மிடமும் கோடு இருக்கிறது, வட்டமாக. தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள், ஆறு முதல் எட்டு வரை 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமை விதி. உயர்நிலைக்கு 5 கிலோமீட்டர் என்று திட்டத்தில் கணக்கு வைத்திருந்தார்கள். பிள்ளைகள் குறைந்த பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடலாம் என்கிற பேச்சு தமிழ்நாட்டில் அவ்வப்போது கிளம்பும், ஆசிரியர் சங்கங்கள் எதிர்க்கும், அடங்கும், மறுபடி கிளம்பும். 2019-ல் ஒரு பிள்ளைகூட இல்லாத 46 பள்ளிகளை நூலகமாக்கப்போவதாகச் சொன்னார்கள். எங்கள் பள்ளியை ரோட்டுக்கு வடக்கே உள்ள பள்ளியோடு சேர்த்தால் என்ன என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் பேச்சுவாக்கில் கேட்டுவிட்டுப் போனார். உத்தரவு ஒன்றும் இல்லை, வெறும் பேச்சுதான். ஆனால் அதற்குள் ஊரில் இன்னும் இரண்டு வீடு வேனுக்குச் சொல்லிவிட்டது, எப்படியும் மூடப்போகிற பள்ளிதானே என்று.

படத்தில் பார்த்தால் அந்தப் பள்ளி எங்களுக்கு ரொம்பப் பக்கம். நடுவில் ஓர் ஓடை இருக்கிறது, கோடையில் வெள்ளையாக உப்புப் பூத்துக் காய்ந்து கிடக்கும், அதில் நடந்துபோனால் சீக்கிரம்தான். ஐப்பசி கார்த்திகையில் அதில் இடுப்பளவு தண்ணீர். அப்போது சுற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போக வேண்டும், அந்தச் சாலையில் டிப்பர் லாரியும், ஏர்வாடி தர்காவுக்கும் சேதுக்கரைக்கும் போகிற வேன்களும் எந்த வேகத்தில் வரும் என்று இந்தப் பக்கத்து ஆட்களைக் கேளுங்கள். ஆறு வயதுப் பிள்ளை அதை இரண்டு தடவை கடக்க வேண்டும். ஒரு கிலோமீட்டரை எந்த மாதத்தில் அளந்தீர்கள் என்பதுதான் என் கேள்வி.

இதைவிடக் கனமான கோடு ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி ஊரில் யாரும் மைக்கில் பேச மாட்டார்கள். ரோட்டுக்குத் தெற்கே கடல்தொழில், வடக்கே வேறு சாதி, வேறு தொழில். கோயில் கொடையில் ஒன்றாக நிற்பார்கள், மீன் வாங்குவார்கள், கருவேலங்கரி மூட்டை போட நம் ஆட்களையும் கூப்பிடுவார்கள். ஆனால் "அந்தப் பிள்ளைக நம்ம பள்ளிக்கு வந்தா" என்று ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் குரல் மாறும். என் மகள் நடுநிலைப்பள்ளிக்குப் போன புதிதில் "கடற்கரைக்காரி, மீன் வாடை" என்று கேட்டுவிட்டு வந்து பையைத் தூக்கி எறிந்தாள். இப்போது அவளுக்கு அங்கேதான் உயிர்த்தோழி, அது நடந்தது, நடக்காது என்று சொல்லவில்லை. பத்து வயதில் அவள் தாங்கினாள். ஆறு வயதில் அதைத் தாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் கலந்து படிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, அதற்கு வழி ஒரு பள்ளியைப் பூட்டிப் பிள்ளைகளை அகதி மாதிரி அனுப்புவது என்றால்தான் சண்டைக்கு வருவேன். இரண்டையும் சேர்த்து ரோட்டோரம் பொதுவான இடத்தில் நல்ல நடுநிலைப்பள்ளி ஒன்று கட்டி, வண்டி வசதியும் கொடுத்து, இரண்டு ஊரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினால் நானே முதல் கையெழுத்துப் போடுவேன்.

கலாம் கதை எங்கள் மாவட்டத்தில் எல்லாப் பள்ளி ஆண்டுவிழாவிலும் உண்டு. ராமேஸ்வரத்தில் தொடக்கக்கல்வி, அப்புறம் ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளி, அப்புறம் ராக்கெட், அப்புறம் ராஷ்டிரபதி பவன். விருந்தினர்கள் விடாமுயற்சி என்று சொல்லி மைக்கைத் தட்டுவார்கள். எனக்கு அதில் கேட்பது தூரம். தீவிலிருந்து ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், பாம்பனில் அப்போது ரயில் பாலம் மட்டும்தான், பஸ் போகிற பாலம் 1988-ல்தான் திறந்தது. வீட்டை விட்டுப் பிரிந்து போய்த் தங்கிப் படித்தார். அவரோடு தொடக்கப்பள்ளியில் உட்கார்ந்திருந்த எத்தனை பேரால் அப்படிப் போக முடிந்திருக்கும், அதில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? ஆண்டுவிழாவில் இதைக் கேட்டால் நன்றாக இருக்காது என்று நான் கேட்டதில்லை.

தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் இலவசமாக உண்டே, அதில் சேர்க்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கும் வீட்டிலிருந்து 1 கிலோமீட்டர் கணக்குதான். எங்கள் குடியிருப்பிலிருந்து அந்தத் தூரத்துக்குள் கடல்தான் இருக்கிறது. போதாததற்கு 2024-25-க்கு தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய கல்வி நிதி 2,152 கோடியை ஒன்றிய அரசு பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேரவில்லை, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்று நிறுத்தி வைத்தது. இவர்கள் அவர்களைச் சொல்ல, அவர்கள் இவர்களைச் சொல்ல, அந்தப் பணத்தை நம்பியிருந்த 25 சதவீதச் சேர்க்கையே அடுத்த கல்வியாண்டு தொடங்கியும் இழுத்துக்கொண்டு கிடந்தது.

கட்டடத்துக்குத் திரும்புகிறேன். கடற்கரை என்பதால் கட்ட முடியாது, சிஆர்இசட் என்கிற கடற்கரை ஒழுங்குமுறை விதி விடாது என்று ஒரு வதந்தியும் நடுவில் சுற்றியது. 2011-ல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையிலேயே, கிராமப்புறக் கடற்கரையில் கட்டக்கூடாத பகுதி என்று குறித்த இடத்தில்கூட, உள்ளூர் ஜனங்களுக்கான பள்ளிக்கூடம், மருந்தகம், கழிப்பறை போன்றவற்றுக்கு அனுமதி வாங்கிக் கட்டலாம் என்று வழி வைத்திருக்கிறார்கள். ரிசார்ட்டுக்காரர்களுக்கு இந்த அறிவிக்கையின் ஒவ்வொரு வரியும் தெரியும், நமக்குத்தான் யாரோ சொன்ன அரைகுறை. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்ன பிறகு அந்தப் பேச்சு நின்றது.

நாங்கள் இப்போது கேட்பது மாடி. இரண்டு அறைதான் இப்போதைக்கு என்றால் சரி, இரண்டே கட்டுங்கள், ஆனால் மேலே இன்னும் இரண்டு எழுப்புகிற மாதிரி அஸ்திவாரமும் தூணும் போட்டு, படிக்கு இடம் விட்டுக் கட்டுங்கள். எங்கள் ஊரில் வீடு கட்டுகிற யாரும் இதைத்தான் செய்வார்கள், மகனுக்குக் கல்யாணம் ஆனால் மேலே எழுப்பலாம் என்று கம்பியை நீட்டிவிட்டு வைப்பார்கள். நீட்டிய கம்பி உப்புக்காற்றில் கிடந்தால் கெட்டுப்போகும், அதற்குச் சிமெண்ட் பாலைப் பூசி மூடி வைக்க வேண்டும், அது வேறு விஷயம், கொத்தனாருக்குத் தெரியும். ஒன்றியப் பொறியாளர் கேட்டுவிட்டு, "மாடல் எஸ்டிமேட்ல அது இல்லம்மா" என்றார். மாற்றி எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றும் சொன்னார். நல்ல மனிதர்தான், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இன்னொரு பக்கம், எண்ணிக்கையை நாங்களே ஏற்றப் பார்க்கிறோம். இதில் எங்களுக்குப் பெரிய துணை பள்ளியில் போடுகிற காலை உணவு. ஏலம் விடிவதற்கு முன்னாலேயே நடக்கும், மீன் எடுக்கிற பொம்பளைகள் நாலு மணிக்கே கரையில் நிற்க வேண்டும், திரும்பி வந்து உலை வைப்பதற்குள் பள்ளி மணி அடித்துவிடும். முன்பெல்லாம் பாதிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வரும், அல்லது வராது. இப்போது கிச்சடியோ பொங்கலோ சூடாகக் கிடைக்கிறது. வேனில் போகிற பிள்ளைகள் ஏழு மணிக்கே பன்னைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, என் நாத்தனாரே இப்போது "கட்டடம் மட்டும் எந்திரிக்கட்டும், சின்னவளை அங்கயே போடுறேன்" என்கிறாள். கட்டடம் எழும்பினால் வருவாள், அவள் வந்தால் கட்டடம் பெரிதாகும். இதில் யார் முதலில் என்றுதான் தகராறு.

பெரிய டீச்சர் சொன்னபடி எண்ணிப் பார்த்தால், அறுபத்தொன்றுக்கு எங்களுக்குக் குறைவது கைவிரல்களுக்குள்தான். வடகடல் பக்கம் வாடி போட்டிருக்கிற குடும்பங்களுக்கு எல்லாம் போன் போட்டுச் சொல்லியிருக்கிறோம், ஜூலை கடைசி வாரம் பிள்ளைகளை மட்டுமாவது பாட்டி வீட்டில் கொண்டுவந்து விடுங்கள், சாப்பாட்டுக்கும் தங்கவும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று. இரண்டு வீடு சரி என்றிருக்கிறது. ஒருவர் டீசல் காசு கேட்கிறார், வசூல் பண்ணிக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். இதை வாசிக்கிற எங்கள் ஊர் ஆட்கள் சவுதியிலோ சென்னையிலோ இருந்தால், வீட்டில் ஐந்து வயது முடிந்த பிள்ளை இருந்தால், பிறப்புச் சான்றையும் ஆதாரையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சான்று இல்லாவிட்டாலும் கூட்டி வரலாம், அதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தில் இருக்கிறது.